காலுக்கு ஒரு வேலை: ஒன்றரை வருடம் ஸ்டாம்ப் பாக்ஸ் மிதித்த அனுபவம்

ஒரு கிதார், ஒரு மைக், ஒரே ஆள் என்று இரண்டு மணி நேரம் மேடையை ஓட்டுகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஏழாவதோ எட்டாவதோ பாட்டு. குரல் ஒழுங்காகத்தான் இருக்கும், கிதாரும் சுருதி பிசகியிருக்காது, ஆனாலும் எதிரே இருப்பவர்கள் மெல்லத் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருப்பார்கள். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. பின்னணி இசையைப் பதிவு செய்து கொண்டுபோய் ஓடவிட்டுப் பார்த்தேன். அது நமக்காக நிற்காது, சரணத்துக்கு முன்னால் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பரும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஒரு நிமிடம் பந்தல் போடுவதிலேயே போய்விடும், கல்யாணம் எப்போது என்று ஜனங்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் கண்ணில் பட்டது சும்மா ஆடிக்கொண்டிருந்த வலது கால். எப்படியும் தட்டிக்கொண்டுதானே இருக்கிறது, அதற்கு ஒரு சத்தம் கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்ததுதான் இது. ஒன்றரை வருடத்தில் நான்கு சாமான்கள் வாங்கினேன். ஒன்றை விற்றுவிட்டேன், ஒன்று அலமாரியில் தூங்குகிறது, ஒன்று எப்போதாவது வரும். ஒரு நிகழ்ச்சி விடாமல் என்னோடு வருவது மரத்தால் ஆன ஸ்டாம்ப் பாக்ஸ், அதாவது காலால் மிதித்துத் தாளம் போடும் பெட்டி மட்டும்தான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த வகைப் பெட்டிகள் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான், எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்க்க ஒரு தடித்த அகராதியைத் தரையில் போட்டது மாதிரி இருக்கும். குதிகால் பக்கம் தாழ்ந்து, விரல் பக்கம் சற்றே உயர்ந்த மேல்பலகை. உள்ளே கூடு. மேல்பலகையின் அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ வில்லை, பக்கவாட்டில் கிதார் கேபிள் செருகுகிற ஜாக். பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, வால்யூம் திருகுகூடக் கிடையாது. கெட்டுப்போக ஒன்றுமே இல்லையே என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

வீட்டில் கிதார் ஆம்ப்ளிஃபையரில் செருகி மிதித்தபோது 'தும்' என்று வயிற்றில் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தோடு அதே வாரம் மேடைக்குக் கொண்டுபோய், எல்லா ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில் நேராகச் செருகி மிதித்தேன். 'டொக்'. கதவைத் தட்டுகிற சத்தம். முன்வரிசையில் ஒருவர் நிஜமாகவே திரும்பி வாசலைப் பார்த்தார்.

பெட்டியைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் போனது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று பிறகு புரிந்தது. பீசோ வில்லையை மின்சாரக் கணக்கில் ஒரு சின்னக் கெபாசிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். 27 மில்லிமீட்டர் வில்லை என்றால் சுமார் 20 நானோஃபாரட். அதைச் செருகுகிற இடத்தின் உள்ளீட்டு மின்தடை குறைவாக இருந்தால் கீழ்ச்சத்தம் முழுக்க அங்கேயே வடிந்துவிடும். மிக்சரின் லைன் உள்ளீடு சாதாரணமாக 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரிய ஆரம்பிக்கும். நமக்கு வேண்டியதோ 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை. கிதார் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு 1 மெகா ஓம் அளவில் இருப்பதால் அந்தச் சரிவு 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அது காதுக்கே எட்டாத இடம். ஒரே பெட்டி, ஒரே கால், இரண்டு சத்தம் வந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் ஓர் ஆக்டிவ் (மின்சாரத்தில் ஓடும்) டி.ஐ. பாக்ஸ் அல்லது அக்கூஸ்டிக் கிதாருக்கான பிரீஆம்ப் நடுவில் இருந்தால் போதும். சில மிக்சர்களில் கிதாருக்கென்றே ஹை-இசட் (உயர் மின்தடை) பொத்தான் இருக்கும், அதை அமுக்கினாலும் சரி. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பேசிவ் டி.ஐ. இதற்கு அவ்வளவாக ஒத்துவராது. பெட்டியோடு வந்த அட்டையில் இதைப் பற்றி ஒரு வரி அச்சிட்டிருந்தால் எனக்கு ஒரு வாரக் கோபம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், சொன்னால் சிரிப்பீர்கள். மிக்சரில் ஒவ்வொரு சேனலிலும் லோ கட் பொத்தான் இருக்கும், 75 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். குரலுக்கு அது அவசியம், அதனால் பல இடங்களில் எல்லாச் சேனலிலும் அமுக்கியே வைத்திருப்பார்கள். காலுக்கான சேனலில் அது அமுங்கியிருந்தால் நீங்கள் பலகை உடைய மிதித்தாலும் ஒன்றும் வராது. இப்போதெல்லாம் சவுண்ட் இன்ஜினியருக்கு வணக்கம் சொன்ன கையோடு முதலில் அதைத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

ஈக்யூ, அதாவது எந்த அதிர்வெண்ணை ஏற்றுவது, எதை இறக்குவது என்ற விஷயத்தில் நான் வந்து நின்ற இடம் இது: 80 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்று, 300 பக்கம் நன்றாக இறக்கு, 4000க்கு மேல் எதுவும் வேண்டாம். அந்த 300தான் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒலிக்கவைப்பது. ஆனால் 80 என்பது கிதாரின் ஆறாவது தந்தி உட்கார்ந்திருக்கும் இடமும் கூட. திறந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ் சொச்சம். இரண்டும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடும். நான் கிதார் சேனலில் 100க்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தைக் காலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். தனியாக வாசிக்கும்போது கிதார் மெலிந்துவிட்டதோ என்று தோன்றும், காலோடு சேர்ந்து கேட்டால் நிறைவாக இருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டிரெட்நாட் மாதிரி பெரிய கிதாரின் கூடு சுமார் 100 ஹெர்ட்ஸில்தான் தானாக அதிரும். காலின் தும் சத்தம் ஸ்பீக்கரில் வந்து, கூட்டை ஆட்டி, கிதாரின் ஒலியை எடுக்கும் பிக்கப் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போனால் 'ஊஊஊ' என்று ஒரு ஊளை கிளம்பும். உள்ளே கூடாக இருக்கும் மரமேடையில் இது இன்னும் மோசம், தரையே ஒரு பெரிய மேளமாகிவிடும். எனக்கு ஒரு முறை நான் காலை எடுத்த பிறகும் பெட்டி முழங்கிக்கொண்டே இருந்தது, ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாக அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பெட்டிக்கு அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பும், கிதாரின் ஒலித்துளைக்கு ஒரு ரப்பர் மூடியும் பையில் நிரந்தரமாகிவிட்டன.

சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 60, 80 எல்லாம் மறந்துவிடுங்கள். பேட்டரியில் ஓடுகிற, ஆறரை அங்குலக் கூம்பு உள்ள ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தராது. வற்புறுத்தினால் சத்தம் அளவு மீறாமல் தடுக்க உள்ளே இருக்கும் லிமிட்டர் விழித்துக்கொண்டு, நீங்கள் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் உங்கள் குரலைச் சேர்த்து அமுக்கும். பாட்டு தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுவது மாதிரி இருக்கும். அங்கே 100 ஹெர்ட்ஸை லேசாக ஏற்றி, 2000, 3000 பக்கம் கொஞ்சம் 'டக்' சத்தத்தையும் விட்டுவைத்தால் மீதியைக் கேட்பவர் காதே நிரப்பிக்கொள்கிறது.

அந்த ரப்பர் விரிப்புக்கு வேறொரு கதையும் இருக்கிறது. விரிப்பு வருவதற்கு முந்தைய நாட்களில், வழவழப்பான தரையில், வேகமான பாட்டு ஒன்றில் பெட்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை முன்னால் போய்க்கொண்டிருந்தது. நானும் மைக்கை விடமுடியாமல் காலை மட்டும் நீட்டிக்கொண்டே போகிறேன். மூன்றாவது சரணத்தில் நான் நின்றிருந்த கோலத்தைப் பார்த்து, இது ஏதோ நடன அசைவு என்று நினைத்து ஒருவர் கைதட்டினார். கடைசிப் பல்லவியில் கேபிள் இழுபட்டு ஜாக்கே கழன்றுவிட்டது. வாங்குகிறவர்கள் அடியில் நான்கு ரப்பர் குமிழ் இருக்கிறதா, ஜாக் முன்பக்கத்தில் காலில் இடறாத மாதிரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். என்னுடையதில் ஜாக் வலது பக்கம், அதாவது கால் உரசுகிற பக்கம். வளைந்த முனையுள்ள கேபிள் போட்டுச் சமாளிக்கிறேன்.

செருப்பா, ஷூவா, வெறுங்காலா என்பது சில்லறை விஷயம் மாதிரி தெரியும். கெட்டியான தோல் அடியுள்ள ஷூ 'டக்' என்று கூர்மையாக விழும், ரப்பர் அடி உருண்டையாக விழும், வெறுங்கால் மெத்தென்று விழும், அப்புறம் மறுநாள் குதிகால் வலிக்கும். ஒத்திகையில் எதைப் போட்டீர்களோ அதையே மேடையிலும் போடுங்கள், இல்லாவிட்டால் ஈக்யூ எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

சரி, சாமான் கதை போதும். உண்மையான கஷ்டம் காலில் இருந்தது. பெட்டி வாங்கும் வரை நான் தாளத்தில் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா தட்டும்போது கால் தன் இஷ்டத்துக்குத் தட்டும், பாடும்போது மறந்து நிற்கும், மறுபடி வந்து சேர்ந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. அதற்கு ஒலிபெருக்கி வைத்தவுடன் எல்லாம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. எல்லாத் தந்தியையும் சேர்த்து வருடி ஸ்ட்ரம் செய்யும் பாட்டுகள் ஒன்றும் பெரிய பாடில்லை, கை கீழே இறங்கும்போது காலும் இறங்கும். விரலால் மீட்டும் பாட்டுகளில் கட்டைவிரல் மாறி மாறி பாஸ் தந்தியைத் தொடுகிறதே, அதோடு காலைக் கட்டிவிட்டால் அதுவும் நாளடைவில் வந்துவிடும். மும்மூன்றாக, திஸ்ர நடையில் ஆறு எண்ணிப் போகிற பாட்டு என்றால் ஒன்றிலும் நாலிலும் மிதித்தால் போதும், ஆறையும் மிதிக்கப் போய் அசடு வழியக் கூடாது.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், எடுப்பு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில் இல்லாமல் அரை இடம் தள்ளி வருகிற வரிகளில். வாய் அரை இடம் தள்ளி ஆரம்பித்தால் கால் விசுவாசமாக வாயோடு போய் அதே அரை இடத்தில் மிதித்துவிடும். அந்த ஒரு தவறான 'தும்' போதும், கேட்பவர்கள் தலையாட்டல் அப்படியே நின்றுவிடும். ஏன் நின்றது என்று அவர்களுக்கே தெரியாது, நமக்குத் தெரியும். நான் கண்ட வழி, கிதாரை ஓரமாக வைத்துவிடுவது. தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 65 அடியில் வைத்து, காலை மட்டும் மிதித்துக்கொண்டு, பாட்டைப் பாடாமல் வெறுமனே பேசுவது. பேச்சு வழக்கில் வரிகளைச் சொல்லிக்கொண்டே கால் தாளம் பிசகாமல் நின்றால் அப்புறம் மெட்டைச் சேர்ப்பது, கிதார் கடைசியில்தான். ஒரு பாட்டுக்கு நான்கைந்து நாள் ஆனது. வீட்டில் இருப்பவர்கள் பொறுமைசாலிகளாக இருப்பது நல்லது.

இன்னொரு அதிர்ச்சி, நிகழ்ச்சியைப் போனில் பதிவு செய்து கேட்டபோது வந்தது. 92இல் ஆரம்பித்த பாட்டை 104இல் முடித்திருக்கிறேன். ஒவ்வொரு பல்லவியிலும் உற்சாகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியிருக்கிறேன். வெறும் கிதாராக இருந்தால் அது உணர்ச்சி என்று பெயர் வாங்கும், காலோடு கேட்டால் பள்ளத்தில் உருளுகிற வண்டி. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பெட்டியைச் சிபாரிசு செய்வேன், ஆறு மாதம் மிதித்த பிறகு நான் பெட்டியில்லாமல் வாசிக்கும் பாட்டுகளும் ஓடாமல் நிற்கின்றன.

உடம்பைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. நின்றுகொண்டு வாசித்தால் இரண்டு மணி நேரமும் எடை முழுக்க இடது காலில். முதல் மாதம் இடுப்பின் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. குதிகாலைத் தரையில் ஊன்றி விரல் பக்கத்தால் மட்டும் தட்டினால் கணுக்காலுக்கு மேலே முன்பக்கத் தசை பத்தே நிமிடத்தில் எரியும். முழுக்காலையும் தூக்கி மிதித்தால் குரல் குலுங்கும், நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அதில் ஒரு நடுக்கம் வரும். உயரமான ஸ்டூலில் பாதி உட்கார்ந்து, குதிகாலைப் பெட்டியின் தாழ்ந்த பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டது.

மற்ற மூன்றைப் பற்றி. இடது காலில் மாட்டுகிற ஃபுட் டாம்பரின், எலாஸ்டிக் பட்டையில் நாலைந்து ஜோடி ஜால்ராத் தகடுகள். சல்லிசான சாமான், இரண்டிலும் நாலிலும் விழுந்தால் பாட்டுக்கே உயிர் வரும். ஆனால் இரண்டு காலும் வேலைக்குப் போய்விட்டால் நிற்க முடியாது, உட்கார்ந்தே ஆகவேண்டும். அதோடு அது சும்மா இருக்காது, பாட்டுக்கு நடுவே ஒரு சோகக் கதை சொல்லிக்கொண்டு காலை மாற்றி வைத்தால் 'சல்' என்கும். எப்போதாவது வரும் என்றேனே, அது இதுதான்.

விற்றது மின்னணுப் பெடல். மிதித்தால் பதிவு செய்த பேஸ் டிரம் சத்தம் வரும் வகை. ரோலண்டின் எஸ்.பி.டி. ஒன் கிக் மாதிரி நாமே ஒலிக்கோப்பை ஏற்றிக்கொள்ளக்கூடியவைகூட இதில் உண்டு, என்னுடையது அதைவிட எளிய வேறொன்று. சத்தம் தாமதமாக வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் மானிட்டரில் (நமக்கே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) இருந்து வரவே 9 மில்லிநொடி ஆகிவிடுகிறது, அதை நாம் எப்போதும் சகித்துக்கொண்டுதான் இருக்கிறோம். எனக்கு ஒத்துவராதது வேறு. மெதுவாகத் தட்டினால் அது கேட்காத மாதிரி இருந்துவிடும், அழுத்தித் தட்டினால் சில சமயம் இரண்டாக ஒலிக்கும், சரியாகத் தட்டினால் ஒவ்வொரு முறையும் அச்சு எடுத்த மாதிரி ஒரே சத்தம். மரப்பெட்டியில் கால் சோம்பலாக விழுந்தால் சத்தமும் சோம்பலாக வருமே, அது இதில் இல்லை. பெரிய மேடை, பெரிய சப்வூஃபர், ஆடுகிற கூட்டம் என்றால் இது மரப்பெட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அதையும் சொல்லவேண்டும்.

அலமாரியில் தூங்குவது கஹோன் என்ற பெரிய பெட்டி மேளம். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, குதிகாலால் பெடலைப் பின்பக்கமாக மிதித்து அடிப்பது. சத்தத்தில் இதை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை, நிஜமான காற்று நகர்கிற சத்தம். தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும்.

இத்தனை யோசிக்கவும் வேண்டியதில்லை என்று முன்னோர்கள் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் 1948இல் டெட்ராய்ட்டில் பதிவு செய்த ஒலித்தட்டில் ஒரு கிதார், ஒரு குரல், ஒரு கால், அவ்வளவுதான். அந்தக் காலைத் தனியாகக் கேட்கும்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக்கில் பிடில் வாசிப்பவர்கள் உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் தரையில் தாளம் போடுவதற்குப் பொடோரித்மி என்று பெயரே இருக்கிறது. தனியாளாகவே பல வாத்தியங்கள் வாசித்த அமெரிக்கர் ஜெஸ்ஸி புல்லர் ஒரு படி மேலே போய், மிதித்தால் தந்தியைத் தட்டுகிற பாஸ் வாத்தியம் ஒன்றைத் தானே செய்தார், அதற்கு ஃபோட்டெல்லா என்று பெயர். இவர்கள் யாரும் உள்ளீட்டு மின்தடை பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாப் பாட்டுக்கும் மிதிக்காதீர்கள். ஆரம்பத்தில் புது வாத்தியம் வாங்கிய ஜோரில் பன்னிரண்டு பாட்டுக்கும் மிதித்தேன், பழையபடி எல்லாம் ஒரே பாட்டு ஆகிவிட்டது, கூடுதலாகத் தலைவலியும். இப்போது பாதிக்கும் குறைவான பாட்டுகளுக்குத்தான். அதிலும் முதல் சரணம் வரை காலை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாம் பல்லவியில் இறக்குகிறேன். இறக்குகிற அந்த ஒரு நொடியில் அறையில் பேச்சு நிற்பது கேட்கும்.

பதினாறாவது மாதத்தில் பெட்டி ஊமையாகிவிட்டது. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தேனே, அதற்குக் கூலி. திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வில்லை, தலைமுடி மாதிரி இரண்டு கம்பி, ஒரு பொட்டுப் பசை. ஒரு கம்பி பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, ஆனால் திரும்ப மூட மனம் வரவில்லை, இதற்காகவா இத்தனை விலை என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுவாரம் ஒரு பழைய அலமாரியின் உடைந்த தட்டை அறுத்து, நான்கு பக்கமும் சட்டம் அடித்து, அதே மாதிரி வில்லை ஒன்றை ஒட்டி நானே ஒன்று செய்தேன். அவலட்சணம்தான், ஒரு மூலை தரையில் பதியாமல் ஆடும், அதற்கடியில் மடித்த காகிதம். சத்தத்தில் கடைப் பெட்டிக்கு முக்கால்வாசி வருகிறது. ஜாக்கை மட்டும் இடது பக்கம் வைத்துவிட்டேன்.